ஹான்கௌவில் கைமாறிய கேமரா

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, ஆன்-கால் டியூட்டியில் இருந்தபோது, தூக்கம் வராமல் 'தி 400 மில்லியன்' என்ற பழைய டாக்குமெண்டரியைப் பார்த்தேன். 1939-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். ஒரு மணி நேரம்கூட ஓடாது. சீனாவின் மீது ஜப்பான் நடத்திய படையெடுப்பையும், அதைச் சீன மக்கள் எதிர்த்து நின்றதையும் அமெரிக்கர்களுக்குச் சொல்வதற்காக எடுக்கப்பட்டது. தலைப்பில் இருக்கும் எண் அன்றைய சீன மக்கள்தொகை: நாற்பது கோடி.

மறுநாள் ஆபீஸில் டீ குடிக்கும்போது இதைப் பற்றிச் சொன்னேன். கூட இருந்த நண்பர் கேட்டார்: "அது பிரசாரப் படம்தானே சார்? அதை வெச்சு என்ன வரலாறு எழுதப் போறீங்க?"

நியாயமான கேள்வி. அதற்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. மூன்று வாரம் அங்கங்கே தேடிப் படித்த பிறகு, அந்தப் படத்தைவிட அதை எடுத்த கேமரா ஒன்றின் கதைதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

படம் எடுக்கப் போனவர்கள்

இயக்குநர் யோரிஸ் ஈவன்ஸ், நெதர்லாந்துக்காரர், 1898-ல் பிறந்தவர். குடும்பத்துக்கே கேமரா வியாபாரம்தான். இடதுசாரி. 1937-ல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரைப் பற்றி 'ஸ்பானிஷ் எர்த்' எடுத்தார். அதற்கு வர்ணனை எழுதிப் பேசியவர் எர்னஸ்ட் ஹெமிங்வே. அந்தப் படம் முடிந்த கையோடு கிழக்கே கிளம்பிவிட்டார்.

கூடப் போனவர்கள் இரண்டு பேர். ஒளிப்பதிவாளர் ஜான் ஃபெர்ன்ஹௌட், இன்னொரு டச்சுக்காரர். உதவிக்கு ஒரு இளம் புகைப்படக்காரர்: ராபர்ட் காப்பா. ஆமாம், பின்னாளில் நார்மண்டி கடற்கரைப் படங்களால் உலகப் புகழ் பெற்ற அதே காப்பாதான். அவரும் ஃபெர்ன்ஹௌட்டும் 1938 ஜனவரியில் மார்செய்யில் கப்பல் ஏறினார்கள். அதே கப்பலில் கவிஞர் ஆடனும் எழுத்தாளர் இஷர்வுட்டும் சீனப் போரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் உலகத்தின் பாதி எழுத்தாளர்களும் கேமராக்காரர்களும் ஹான்கௌவில்தான் இருந்தார்களோ என்று தோன்றும்.

ஏன் ஹான்கௌ? 1931-லேயே மஞ்சூரியா போய்விட்டது. 1937 ஜூலையில் பீகிங் பக்கத்து மார்க்கோ போலோ பாலத்தில் முழுப்போர் தொடங்கியது. நவம்பரில் ஷாங்காய் விழுந்தது. டிசம்பரில் தலைநகர் நான்கிங் விழுந்தது. அங்கே நடந்த படுகொலையைப் பற்றி இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறோம். சியாங் கை ஷேக்கின் அரசு யாங்சி ஆற்றோரம் பின்வாங்கி, கொஞ்ச காலம் ஹான்கௌவில் இயங்கியது. இன்றைக்கு வூஹான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்ட நகரத்தின் ஒரு பகுதி அது.

படத்துக்கான பணம், அமெரிக்காவில் இருந்த சீனர்களிடமும் மற்ற ஆதரவாளர்களிடமும் திரட்டியது. பெரிய ஸ்டுடியோ எதுவும் பின்னால் இல்லை. நோக்கம் ஒளிவுமறைவில்லாதது. அன்றைக்கு ஜப்பானின் போர் எந்திரம் ஓடியதே பெருமளவு அமெரிக்க எண்ணெயிலும் பழைய இரும்பிலும்தான். சட்டப்படி நடந்த வியாபாரம். பழைய இரும்புக்கான தடை 1940-லும், எண்ணெய்க்கான தடை 1941-லும்தான் வந்தது. நீங்கள் விற்கும் இரும்பு எங்கே போய் விழுகிறது பாருங்கள் என்று அமெரிக்கப் பார்வையாளனுக்குக் காட்டணும். அதுக்குத்தான் படம்.

கூடவே வந்த அதிகாரிகள்

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். ஹான்கௌவில் இறங்கிய நாளிலிருந்து குழுவோடு அரசு அதிகாரிகளும் ஒட்டிக்கொண்டார்கள். எங்கே போகலாம், எதை எடுக்கலாம் என்பதை அவர்கள்தான் முடிவு செய்தார்கள். அனுமதிக்காகவே வாரக்கணக்கில் காத்திருப்பு. ஒரு வழியாக ஏப்ரல் முதல் வாரத்தில் போர்முனைப் பக்கம் விட்டார்கள்.

அது தை-அர்-சுவாங். ஷான்டுங் மாகாணத்தில், பெருங்கால்வாய்க் கரையில் இருந்த சின்ன ஊர். 1938 மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் 7 வரை அங்கே வீடு வீடாகச் சண்டை நடந்தது. லீ சோங்ரென் தலைமையில் இருந்த சீனப் படை ஜப்பானியரைத் துரத்தியது. போர் தொடங்கியதிலிருந்து தோல்விச் செய்தியாகவே கேட்டுக்கொண்டிருந்த ஒரு நாட்டுக்குக் கிடைத்த முதல் பெரிய வெற்றி. ஈவன்ஸ் குழு சண்டையின் நடுவில் இருக்க அனுமதிக்கப்படவில்லை. ஊர் மீட்கப்பட்ட கையோடு உள்ளே போனார்கள்.

படத்தில் எனக்கு மறக்கமுடியாத பகுதி அதுதான். இடிந்த சுவர்கள். துப்பாக்கியோடு களைத்துப்போன சிப்பாய்கள். தங்கள் வீடு எது என்று தெரியாமல் திரும்பி வரும் ஜனங்கள். எந்த வர்ணனையும் இல்லாமல் பார்த்தாலும் புரியும். நான் மடிக்கணினியின் சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு தடவை பார்த்தேன். இன்னும் கனமாக இருந்தது. (சத்தம் வேண்டும் என்பவர்களுக்கு: வர்ணனை எழுதியவர் ஹாலிவுட் திரைக்கதையாளர் டட்லி நிக்கல்ஸ், குரல் நடிகர் ஃபிரெட்ரிக் மார்ச், இசை ஹன்ஸ் ஐஸ்லர். எல்லாம் பெரிய கைகள்.)

இதே சமயம் அமெரிக்கர்களுக்குத் தெரிந்த 'சீனா' எது என்பதையும் நினைத்துப் பார்க்கணும். பேர்ல் பக் எழுதிய 'குட் எர்த்' நாவல் 1937-ல் ஹாலிவுட் படமாக வந்தது. அதில் சீன விவசாயியாகவும் மனைவியாகவும் நடித்தவர்கள் பால் முனியும் லூயிஸ ரைனரும், மேக்கப் போட்ட வெள்ளைக்காரர்கள். ரைனருக்கு அதற்காக ஆஸ்கர் கிடைத்தது. அப்படிப்பட்ட ஊரில் போய், நிஜச் சீன விவசாயியின் முகத்தை ஒரு நிமிஷம் திரையில் நிறுத்துவதே ஒரு வாதம்தான்.

ஆனால் ஈவன்ஸ் பார்க்க நினைத்த இன்னொரு சீனா இருந்தது. வடமேற்கில், யெனானில், மாவோவின் கம்யூனிஸ்டுகள் தளம் அமைத்திருந்தார்கள். 1937-ல் கோமிண்டாங்கும் கம்யூனிஸ்டுகளும் ஜப்பானுக்கு எதிராகக் கூட்டு சேர்ந்திருந்தார்கள், காகிதத்தில். கம்யூனிஸ்டுகளின் எட்டாவது வழிப் படையைப் படமெடுக்க வேண்டும் என்று ஈவன்ஸ் சீயான் நகரம் வரை போனார். அதற்கு மேலே விடவில்லை. திரும்பி வந்தார். ஹான்கௌவில் இருந்த சௌ என்லாய் போன்ற சிலரை மட்டும்தான் எடுக்க முடிந்தது.

இந்தத் தடையைப் போட்ட அரசு எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு விஷயம். 1938 ஜூனில், ஜப்பானியப் படை முன்னேறுவதைத் தடுக்க, ஹுவாயுவான்கௌ என்ற இடத்தில் மஞ்சள் ஆற்றின் கரையைச் சீன அரசுப் படையே உடைத்தது. வெள்ளத்திலும் அதைத் தொடர்ந்த பஞ்சத்திலும் நோயிலும் லட்சக்கணக்கான சீன விவசாயிகள் செத்தார்கள். ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டுக் கரையை உடைத்தன என்று அரசு உலகத்துக்கு அறிவித்தது. படையெடுப்பாளனின் கொடுமை உண்மை. அதை எதிர்த்து நின்ற ஜனங்களின் துணிச்சலும் உண்மை. அந்த இரண்டையும் காட்டி, மூன்றாவது ஒன்றை மறைக்கவும் செய்யலாம்.

இருபத்திரண்டு நிமிஷம்

இப்போது கேமராவுக்கு வருவோம்.

அந்தக் காலத்துச் செய்திப்படக்காரர்கள் எல்லோரும் தூக்கிக்கொண்டு அலைந்தது ஐமோ என்ற 35 மில்லிமீட்டர் கேமரா. பெல் அண்ட் ஹோவல் கம்பெனி செய்தது. கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். கடிகாரத்துக்குக் கொடுப்பதுபோல் சாவி கொடுத்தால் ஓடும். உள்ளே நூறு அடிச் சுருள் ஒன்று பிடிக்கும். நொடிக்கு 24 பிரேம், ஒரு அடிக்கு 16 பிரேம். கணக்குப் போட்டால் நூறு அடிக்கு ஒரு நிமிஷமும் ஏழு நொடியும். அவ்வளவுதான். அப்புறம் கேமராவைத் திறந்து அடுத்த சுருளை மாட்டணும். மேலே விமானம் வந்தாலும் சரி.

சீனாவைவிட்டுக் கிளம்புவதற்கு முன் ஈவன்ஸ் ஒரு முடிவு எடுத்தார். தன்னை யெனானுக்கு விடமாட்டார்கள். ஆனால் கேமரா போகலாமே. சௌ என்லாயின் ஆட்கள் மூலம் ஏற்பாடு நடந்தது. 1938-ல் ஒரு ராத்திரி, ஹான்கௌவில், ஒரு காருக்குள் வைத்து ஒரு ஐமோ கேமராவும் இரண்டாயிரம் அடி ஃபிலிமும் கைமாறின.

வாங்கிக்கொண்டவர் வூ யின்சியான். ஷாங்காய் ஒளிப்பதிவாளர். 1937-ல் வந்த 'ஸ்ட்ரீட் ஏஞ்சல்', இன்றைக்கும் சீன சினிமாவின் சிறந்த படங்களில் ஒன்றாகச் சொல்லப்படுவது, அவர் ஒளிப்பதிவு செய்ததுதான். அதை இயக்கிய யுவான் முட்சியும் அவரும் சேர்ந்து யெனானுக்குப் போகத் தயாராக இருந்தார்கள். ஈவன்ஸுக்குச் சீனம் தெரியாது, வூவுக்கு வேறு மொழி தெரியாது. அவர் சொன்னதில் தனக்குப் புரிந்த ஒரே வார்த்தை 'யெனான்' என்று வூ பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

இரண்டாயிரம் அடி என்றால் இருபத்திரண்டு நிமிஷம். என் போனில் மகளின் ஆண்டு விழா வீடியோ இதைவிட நீளம். இருபத்திரண்டு நிமிஷ ஃபிலிமை வைத்துக்கொண்டு ஒரு போரைப் பதிவு செய்யப் போனார்கள். (யுவான் முட்சி ஹாங்காங் போய் வேறு கருவிகளும் வாங்கி வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

1938 இலையுதிர் காலத்தில் யெனான் திரைப்படக் குழு உருவானது. 'யெனானும் எட்டாவது வழிப் படையும்' என்ற நீள டாக்குமெண்டரியை ஆரம்பித்தார்கள். மலைக் குகைகளில் வசிக்கும் மாணவர்கள், பயிற்சி முகாம்கள், ஜப்பானியப் படைகளுக்குப் பின்புறம் இருந்த கெரில்லாப் பகுதிகள் என்று ஒன்றிரண்டு வருஷம் அலைந்து எடுத்தார்கள். கனடாவிலிருந்து வந்து களத்திலேயே உயிர்விட்ட மருத்துவர் நார்மன் பெத்யூனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பழைய கோயில் ஒன்றில் குனிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டிருப்பாரே, அந்தப் புகழ்பெற்ற புகைப்படம் வூ எடுத்ததுதான், 1939-ல். பெத்யூன் பெயரில் அமைந்த மருத்துவமனைக்குப் பிறகு பொறுப்பேற்றவர் நம்ம ஊர் டாக்டர் கோட்னிஸ், சோலாப்பூர்க்காரர். காங்கிரஸ் அனுப்பிய ஐந்து இந்திய மருத்துவர்களில் ஒருவர். 1942-ல் அங்கேயே இறந்தார்.

சரி, படம் என்ன ஆனது?

ஃபிலிமைக் கழுவி, ஒலி சேர்த்து முடிக்க யெனானில் வசதி இல்லை. 1940-ல் யுவான் முட்சி நெகட்டிவ்களை எடுத்துக்கொண்டு மாஸ்கோ போனார். கூடவே இசையமைக்க சியான் சிங்ஹாய், 'மஞ்சள் ஆறு' கூட்டிசையை எழுதியவர். வேலை முடிவதற்குள் 1941 ஜூனில் ஹிட்லர் சோவியத் மீது பாய்ந்தான். ஸ்டுடியோக்களை அவசர அவசரமாக மத்திய ஆசியாவுக்கு மாற்றினார்கள். அந்தக் களேபரத்தில் நெகட்டிவ்கள் காணாமல் போயின. முழுப் படமாக அது திரும்பி வரவேயில்லை. சியான் சிங்ஹாயும் ஊர் திரும்பவில்லை. 1945-ல் மாஸ்கோவில் காலமானார், நாற்பது வயது. யுவான் 1946-ல்தான் வந்து சேர்ந்தார்.

இதைப் படித்த ராத்திரி எனக்கு மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. என் தொழிலில் பேக்கப் இல்லாமல் எதையும் ஓர் அடி நகர்த்தமாட்டோம். அவர்களிடம் இரண்டாவது பிரதி எடுக்கவே ஃபிலிம் கிடையாது.

அடுத்த அதிகாரிகள்

இதோடு நிறுத்தினால் நல்ல கதை. தணிக்கைக்கு அகப்படாமல் தப்பித்த கேமரா, தொலைந்துபோன படம், முடிந்தது. ஆனால் இன்னும் கொஞ்சம் தோண்டியதும் வேறொன்று கிடைத்தது.

1942-43-ல் அதே குழு, மிச்சம் மீதி ஃபிலிமை வைத்து இன்னொரு படம் எடுத்தது. நான்னிவான் என்ற காட்டுப் பள்ளத்தாக்கில் 359-வது பிரிகேட் சிப்பாய்கள் மண்வெட்டியோடு இறங்கி நிலம் திருத்தி விவசாயம் செய்த கதை. கோமிண்டாங் முற்றுகை ஒரு பக்கம், ஜப்பான் ஒரு பக்கம். சொந்தக் கையால் உழைத்துச் சாப்பிடுவோம் என்பதுதான் படத்தின் செய்தி. மாவோ தூரிகையால் ஒரு வாசகம் எழுதும் காட்சி வரும். அது அந்தப் படத்துக்காகவே எழுதவைத்து எடுத்த காட்சி.

சிப்பாய்கள் நிலம் திருத்தியது நிஜம். ஆனால் 1990களில் தைவான் வரலாற்றாய்வாளர் சென் யுங்-ஃபா அந்தக் காலத்துக் கணக்கு வழக்குகளைக் குடைந்து எழுதியதில் வேறொரு வரவும் தெரியவந்தது. முற்றுகைக் காலத்து யெனான் அரசின் வருமானத்தில் அபின் விற்பனைக்குப் பெரிய பங்கு இருந்தது. ஆவணங்களில் அதற்கு வேறு பெயர்: 'சிறப்புச் சரக்கு'. அபின் போரில் அவமானப்பட்ட ஒரு நாட்டில் இதைப் படத்தில் காட்டுவார்களா? எந்தக் கேமராவும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஆக, ஓர் அரசின் அதிகாரிகளிடமிருந்து தப்பித்த கேமரா, இன்னொரு கட்சியின் அதிகாரிகளிடம் போய்ச் சேர்ந்தது. மூன்றாவது தரப்பும் உண்டு. 1944-ல் அமெரிக்க அரசு ஃபிராங்க் காப்ராவை வைத்து 'தி பேட்டில் ஆஃப் சைனா' எடுத்தது. பணம், ஆள், ஃபிலிம் எதற்கும் குறைவில்லை. அதில் சீனக் கம்யூனிஸ்டுகள் என்று ஒரு கூட்டம் இருந்ததாகவே சொல்லவில்லை.

நண்பருக்கு என் பதில்

சில வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓரிடத்தில் பெரிய சர்வர் கோளாறு ஒன்று நடந்தது. மூலகாரண அறிக்கையை நான்தான் எழுதினேன். அனுப்புவதற்கு முன் மேலே இருந்தவர் ஒரே ஒரு வரியை எடுக்கச் சொன்னார். முந்தின மாதமே எச்சரிக்கை கொடுத்திருந்தோம், யாரும் கண்டுகொள்ளவில்லை என்ற வரி. எடுத்துவிட்டேன். அந்த அறிக்கையில் மிச்சமிருந்த ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. நேரம் சரி, எண்கள் சரி. கையெழுத்தும் என்னுடையது. இன்றைக்கு யாராவது அதைப் படித்தால் அன்றைக்கு நடந்தது தெரிந்துவிட்டதாகவே நினைப்பார்கள்.

இந்தப் படத்தைத் திரும்பப் பார்க்கும்போது எனக்கு அந்த வரிதான் ஞாபகத்துக்கு வந்தது. 'தி 400 மில்லியன்' பொய் சொல்லும் படம் என்று நான் நினைக்கவில்லை. தை-அர்-சுவாங்கின் இடிந்த சுவர் பொய்யில்லை. அதே சமயம் ஈவன்ஸ் ஒன்றும் அப்பாவியும் இல்லை. 1933-ல் பெல்ஜியத்துச் சுரங்கத் தொழிலாளர்களைப் படமெடுத்தபோது ஓர் ஊர்வலத்தை மறுபடி நடத்தச் சொல்லிப் படம்பிடித்தவர், அதை ஒளிக்காமல் எழுதியவர். டாக்குமெண்டரி ஒரு தரப்பின் பக்கம் நிற்கலாம், நிற்கணும் என்பது அவர் கட்சி. அதனால் நான் பார்ப்பது இதைத்தான்: யார் கூட நின்றார்கள், எந்தச் சாலையில் வண்டியை நிறுத்தினார்கள், சுருளில் எத்தனை அடி மிச்சம் இருந்தது. இது தெரிந்தால் பிரசாரப் படமும் நல்ல சாட்சிதான். தெரியாவிட்டால் நேர்மையான படம்கூட நம்மைத் தப்பான இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

படம் 1939 மார்ச்சில் நியூயார்க்கில் வெளியானது. அதே மாதம் ஜெர்மன் படை பிராகுக்குள் நுழைந்தது. எல்லோர் கண்ணும் ஐரோப்பா மேல். பெரிதாக ஓடவில்லை. அதற்கு முந்தின அக்டோபரிலேயே ஹான்கௌ விழுந்து, சீன அரசு சுங்கிங்குக்கு நகர்ந்துவிட்டது. அமெரிக்க எண்ணெய் இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேல் ஜப்பானுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஈவன்ஸ் 1989-ல் பாரிஸில் இறந்தார். கடைசிப் படத்தையும் சீனாவில்தான் எடுத்தார். அந்த ஐமோ கேமரா இப்போது பெய்ஜிங்கில் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதையெல்லாம் நேற்று நண்பரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அந்த ஒரு வரியை நீங்க எடுத்திருக்கக் கூடாது சார்" என்றார். ஆமாம், கூடாதுதான்.